பெயர் சொல்ல விரும்பாத இருவர்

மாலைப் பத்திரிகையைச் சுருட்டி மேஜைமேல் ஓங்கி ஒரு அடி அடித்தாள் வக்கீலம்மா. பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் திடுக்கிட்டு எழுந்தே விட்டாள். ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த மின்னல் மட்டும் அசையவில்லை.

"மேஜை என்ன பாவம் பண்ணுச்சு? அடிக்கணும்னா பத்திரிகை ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு," என்றான்.

"நீ சும்மா இரு. உட்காருங்கம்மா, உங்களை அடிக்கல."

வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பல வருஷமாகிறது. வாய்தா மேல் வாய்தா வாங்கியே ஜனங்களைச் சாகடிக்கிற கூத்தைப் பார்த்து வயிறெரிந்து, ஒரு நாள் ஃபைலைத் தூக்கிக் கடாசிவிட்டு வெளியே வந்தவள். அதன் பிறகுதான் இந்தத் துப்பறியும் ஆபீஸ். தொழில் போனாலும் பெயர் போகவில்லை. மின்னல் அவளுடைய உதவியாளன். ஒரு டம்ளர் டீயை ஒரு மணி நேரம் உறிஞ்சுகிறவனுக்கு எந்தப் புண்ணியவானோ வைத்த பெயர் அது. கையும் காலும்தான் மந்தம். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

வந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயசு இருக்கும். வெளுத்த நீலச் சீருடை. மாநகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீர் சுத்தம் செய்யும் பம்ப் அறை அவள் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் அவள் பம்ப் அக்கா. இரண்டு வாக்கியம் பேசினால் ஒரு இருமல் வந்தது. அந்த இருமலும் குளத்தில் வாங்கியதுதான்.

மூன்று நாளைக்கு முன்னால், சாயங்காலப் பயிற்சி நேரத்தில் பம்ப் அறையிலிருந்து குளோரின் வாயு கசிந்துவிட்டது. கண்ணெரிந்து, மூச்சு முட்டிய பிள்ளைகளை ஆம்புலன்ஸில் அள்ளிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பிவிட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்த செய்தியில் வக்கீலம்மா சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்த பகுதி இது:

'குழாய் வால்வைத் திறந்து வைத்துவிட்டு, பம்ப் அறைப் பெண் ஊழியர் தன் கணவருடன் செல்போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்ல விரும்பாத, குளத்தைச் சேர்ந்த இருவர் இதை நமது நிருபரிடம் உறுதி செய்தனர்.'

"நான் வால்வைத் தொடவே இல்லம்மா. அது துருப்பிடிச்சு இத்துப் போய் அதுவா விட்டுடுச்சு. ஈரத்துணிய மூஞ்சில சுத்திக்கிட்டு உள்ள போய் சிலிண்டரை மூடினதே நான்தான். அதையெல்லாம் யாரும் எழுதல." இருமல் வந்தது. "இன்னைக்கு அஞ்சு மணிக்கு விசாரணை. ரெண்டு சாட்சி இருக்கு, பேப்பர்லயே வந்துருச்சுங்கறாரு மானேஜர். வேலை போனா, இருக்கற குவார்ட்டர்ஸ் வீடும் போயிடும். அது கூடப் பரவாயில்லம்மா. நேத்து கிளாஸ்ல என் பொண்ணு பக்கத்துல ஒரு பிள்ளையும் உட்காரலையாம். உங்கம்மா விஷம் வச்சவங்கன்னு சொன்னாங்களாம்."

வக்கீலம்மாவுக்கு உச்சந்தலை சூடேறியது. முகம் தெரியாத இரண்டு பேர் வாய் திறந்தார்களாம், ஒருத்தி குடியே முழுகிப் போக வேண்டுமாம்! யாரடா நீங்கள் என்று கேட்டால் பெயர் சொல்ல விரும்பவில்லையாம்!

"போன் கம்பெனில கேட்டா அந்த நேரத்துல பேசினாங்களா இல்லையான்னு தெரிஞ்சுடுமே," என்றான் மின்னல்.

"அது வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும். அஞ்சு மணிக்கு வேணும் நமக்கு. ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறாரு? அவரை ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

பம்ப் அக்கா தலை குனிந்தாள். "அவர் தவறிப் போய் மூணு வருஷமாச்சும்மா."

மின்னல் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் பாதி டீயில் டம்ளரைக் கீழே வைத்து வக்கீலம்மா பார்த்ததே இல்லை.

"இது குளத்துல எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். அத்தனை பேரும் சாவுக்கு வந்திருந்தாங்க. மானேஜர்தான் மாலையே வாங்கிட்டு வந்தாரு."

வக்கீலம்மா எழுந்து நின்றாள். "பாத்தியா மின்னலு? உள்ளே இருக்கற எவனும் பொய் சொன்னாக்கூட 'புருஷன்கூட பேசிட்டிருந்தா'ன்னு சொல்ல மாட்டான். அந்த வார்த்தைய முதல்ல சொன்னவன் இந்த அம்மாவை யாருன்னே தெரியாதவன்."

"மானேஜர்தான் வேணும்னே தப்பாச் சொல்லி நம்மளைக் குழப்பறாரு. இல்லேன்னா என் மீசைய எடுத்துடறேன்."

"எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. அம்மா, ஒரே ஒரு கேள்வி. துருப்பிடிச்ச விஷயத்தை முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மானேஜர்கிட்ட சொன்னேன். ரெண்டு மூணு தடவை. வாயாலதான்."

"வேற யார்கிட்டயாவது?"

"இல்ல... இல்லம்மா." பதில் அவசரமாக வந்தது. வக்கீலம்மா அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

* * *

குளத்தில் தண்ணீரை வெளியேற்றியிருந்தார்கள். நீல ஓடு பதித்த பெரிய பள்ளம் வெயிலில் காய்ந்து கிடந்தது. மூக்கைத் துளைக்கிற மருந்து நெடி இன்னும் போகவில்லை. பம்ப் அக்காவுக்கு உள்ளே வர அனுமதி இல்லை என்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அவள் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஊழியர் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு: 'பத்திரிகையாளர்களிடம் பேசும் ஊழியர் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுவார்.' மானேஜர் கையெழுத்து.

"பத்திரிகைகிட்ட பேசினா வேலை போகும். பத்திரிகை நம்மளைப் பத்திப் பேசினாலும் வேலை போகும். ஊமையாப் பொறந்தவனுக்குத்தான் இங்க பென்ஷன் நிச்சயம்," என்றான் மின்னல்.

மானேஜர் ஏசி அறையில் குளுகுளுவென்று இருந்தார். "நான் யாரையும் எதுவும் சொல்லலைங்க. எனக்கே பேப்பரைப் பாத்துதான் தெரியும். ரெண்டு பேர் உறுதி பண்ணியிருக்காங்களே, போதாதா?"

"அந்த அம்மா புருஷன் செத்துட்டாருன்னு தெரிஞ்சும் இதை நம்பினீங்களா?"

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பேப்பர்ல சின்னச் சின்னத் தப்பு வரும்மா. மொத்தத்துல விஷயம் சரியா இருந்தா சரி."

சரியாம்! தன் தலைக்கு வரவேண்டிய வால்வு இன்னொருத்தி தலையில் விழுந்தால் எல்லாமே சரிதான். ஆனாலும் இந்த ஆள் நெருப்பு வைத்தவன் இல்லை, எரிகிற வீட்டில் குளிர் காய்கிறவன் என்று வக்கீலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் மின்னல் மீசையைத் தடவிக்கொண்டான்.

"வருத்தப்படாத, வளரும். இப்ப ஒண்ணு பண்ணு. கண்ணுல படற எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேளு. 'அக்கா போன்ல பேசினாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?' அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. கேட்டதும் கொடியைப் பிடித்து இழுத்தால் சுரைக்காய் வருகிற மாதிரி ஒவ்வொருத்தராக வந்தார்கள். தோட்டக்காரருக்கு நீச்சல் பயிற்சியாளர் சொன்னார். துண்டு கொடுக்கிற பெண்ணுக்கும் பயிற்சியாளர்தான். கழுத்தில் விசில் தொங்க, காலி குளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார் பயிற்சியாளர். ஆறடி உயரம். முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

"பத்திரிகைக்கும் நீங்கதானே சொன்னீங்க?" என்று நேராகவே கேட்டாள் வக்கீலம்மா.

அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். "விளையாட்டுப் பக்கம் எழுதற நிருபர் எனக்குப் பழக்கம். போன் பண்ணி, 'அந்தம்மா போன்ல இருந்தாங்கன்னு கேள்விப்பட்டோம், உண்மையா'ன்னாரு. நானும் கேள்விப்பட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதாங்க! பேரைப் போட்டுடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன், சுவத்துல எழுதியிருக்கறதைப் பாத்தீங்களே. பாத்தேன்னு நான் சொல்லவே இல்ல. நான் தண்ணியில பிள்ளைங்களைத் தூக்கிட்டு இருந்தேன், எங்க பாக்கறது?"

"கேள்விப்பட்டது யார்கிட்ட?"

"டிக்கெட்காரர்கிட்ட."

டிக்கெட்காரர் வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். குளம் மூடியிருந்தாலும் கூண்டை விட்டு வெளியே வரவில்லை. வக்கீலம்மா கேட்டதும் படபடவென்று கொட்டிவிட்டார்.

"நான் எங்கம்மா பாத்தேன்? இங்கேருந்து பாருங்க, பம்ப் ரூம் கதவே தெரியாது! அன்னைக்கு வெளிய பெத்தவங்க எல்லாம் கண்ணாடிய இடிக்கறாங்க. அந்த நேரம் பாத்து பத்திரிகைலேர்ந்து போன். 'பம்ப் ரூம்ல யாரு'ன்னாரு. ஒரு அம்மான்னேன். உடனே, 'அவங்க வால்வைத் திறந்துட்டு புருஷன்கூட போன்ல அரட்டை அடிச்சிட்டு இருந்தாங்களாமே'ன்னாரு. அவர்தான் போயிட்டாரேன்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள ஒரு அப்பா கையை உள்ள விட்டு என் சட்டையப் பிடிச்சிட்டாரு. 'இருக்கும் சார், போனை வைங்க'ன்னு வச்சிட்டேன். அப்புறம் கோச் வந்தாரு. 'அக்கா போன்ல இருந்தாங்களாமே'ன்னு அவர்கிட்ட நான்..." குரல் இறங்கியது. "பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேம்மா."

மின்னல் விரல் விட்டு எண்ணினான். "இருங்க. நிருபர் இவர்கிட்ட சொன்னாரு. இவரு கோச்கிட்ட சொன்னாரு. கோச் திரும்பப் பத்திரிகைக்கே சொன்னாரு. அப்ப அந்த ரெண்டு சாட்சி யாருங்க?"

"சாட்சியே இல்லடா. அவன் துப்பினது சுத்திக்கிட்டு வந்து அவன் மூஞ்சிலயே விழுந்திருக்கு. அதைத் தொடைச்சு அச்சடிச்சுட்டான்." வக்கீலம்மா டிக்கெட்காரர் பக்கம் திரும்பினாள். "இதை அஞ்சு மணிக்கு வந்து சொல்வீங்களா?"

அவர் அறிவிப்பு இருந்த ஊழியர் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு காரில் இருமிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். "சொல்றேம்மா. கோச்சையும் கூட்டிட்டு வர்றேன்."

* * *

"நானும் வர்றேன். அந்த ஆள் முகத்தை நான் பாக்கணும்," என்று பம்ப் அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மூன்று பேருமாகப் பத்திரிகை ஆபீஸ் மாடியேறினார்கள்.

செய்தி ஆசிரியர் நரைத்த தாடிக்காரர். நிதானமான குரல். பக்கத்தில் நின்ற, அந்தச் செய்தியை எழுதிய நிருபனுக்கு முப்பது வயசு இருக்கும். நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கியபடியே இருந்தான்.

"எங்களுக்குத் தகவல் சொன்னவங்க யாருன்னு வெளிய சொல்ல முடியாதும்மா. அது எங்க தொழில் தர்மம். ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்டோம்," என்றார் செய்தி ஆசிரியர்.

"வேண்டாம், நானே சொல்றேன். ரெண்டாவது ஆள் கோச். அவருக்குச் சொன்னது முதல் ஆள், டிக்கெட்காரர். டிக்கெட்காரருக்குச் சொன்னது இதோ, தலையக் கோதிக்கிட்டு நிக்கறாரே, இவரு. ஏன் தம்பி, உங்க பேரைச் சொல்ல நீங்க விரும்பலையோ?"

நிருபன் கை தலையிலேயே நின்றது.

"அது... போட்டு வாங்கறதுங்க. எல்லா நிருபரும் செய்யறதுதான். ஏதாவது ஒண்ண நாமளே அடிச்சு விடுவோம். தப்பா இருந்தா எதிராளி பதறிக்கிட்டுத் திருத்துவாங்க. அதுல உண்மை வந்துரும்."

"திருத்தலேன்னா?"

"சரின்னு எடுத்துக்குவோம்."

"புருஷன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. லேடீஸ்னாங்க. லேடீஸ்னா... ஒரு ஊகம்."

"ஊகம்!" மாடியே அதிர்ந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "பேர் சொல்லப் பயப்படறவங்களை மறைச்சு வச்சு நீங்க எழுதறது நல்ல காரியம்யா. எத்தனையோ உண்மை அப்படித்தான் வெளிய வந்திருக்கு. குளிர்ல நடுங்கறவனுக்குக் குடுக்கற போர்வை அது. அதைப் பிடுங்கி நீயே போத்திக்கிட்டுப் படுத்திருக்கியேடா பாவி!"

செய்தி ஆசிரியர் கையை உயர்த்தினார். "மேடம், இங்க ரெண்டு பேர் சொல்லாம ஒரு வரி போக விடமாட்டேன். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு. உங்களுக்குத் தெரியாது, போன மாசம் இதே குளத்து வால்வு இத்துப் போச்சுன்னு ஒரு பொம்பளை இவனுக்கு போன் பண்ணுச்சு. பேர் சொல்லல. அழுதுதாம். ஆனா இன்னொரு ஆள் கிடைக்கல. ஒரே ஆள் பேச்சுன்னு நான்தான் நிறுத்தி வச்சேன். அவ்வளவு ஜாக்கிரதையா இருக்கோம்."

உண்மைக்கு இரண்டாவது ஆள் கிடைக்கவில்லையாம், தூக்கி மூலையில் போட்டுவிட்டார்களாம். பொய்க்கு மட்டும் இவர்கள் வாயிலிருந்தே இரண்டு ஆள் முளைத்துவிட்டார்கள்! அதைப் பெருமையாக வேறு சொல்கிறார் மனுஷன்! வக்கீலம்மா திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"'துரு பொடிப் பொடியா உதிருது சார், உள்ளங்கைல கொட்டிக் கொண்டு வந்து காட்டட்டுமா'ன்னு கேட்டேன்," என்றாள் பம்ப் அக்கா. "'பிள்ளைங்க குளிக்கற இடம் சார்'னு சொன்னேன். நீங்க, 'அழாதீங்கம்மா, பாத்துக்கறேன்'னு சொன்னீங்க."

நிருபன் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. அவள் குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

வக்கீலம்மா மெல்லத் திரும்பினாள். "என்கிட்டயே இல்லைன்னீங்களே?"

"சொன்னா வேலை போயிடுமேம்மா. சுவத்துல எழுதிப் போட்டிருக்காங்க. அதான் உங்ககிட்டயும் மறைச்சேன்." அவள் நிருபனையே பார்த்தாள். "என் பேரை மட்டும் போட்டுடாதீங்க சார்னு கெஞ்சினேன். பேரைத்தான் போடல, விஷயத்தையும் போடல. வாயு கசிஞ்சப்புறம் என்னையே போட்டுட்டீங்க."

செய்தி ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தாடியைத் தடவினார். நிதானம் எங்கோ போயிருந்தது. "தப்பு நடந்துபோச்சு. நாளைக்கே எழுதிடறோம்மா. உங்களுக்கு வம்பு வராம, 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஊழியர் முன்பே எச்சரித்திருந்தார்'னு..."

"எனக்குப் பேர் இருக்கு!"

இருமலும் அழுகையும் சேர்ந்து அவளைக் குலுக்கியது. மின்னல் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் ஓடியதை யாரும் பார்க்கிற நிலையில் இல்லை.

"பேரைப் போடுங்க. முழுப் பேரும் போடுங்க. பொய்க்காக வேலை போறதுக்கு உண்மையச் சொன்னதுக்காகவே போகட்டும். என் பொண்ணு பேப்பரை எடுத்துட்டுப் போய் அந்தப் பிள்ளைங்ககிட்ட காட்டட்டும். ஆனா நாளைக்குப் போட்டா போதாது சார். இன்னைக்கு அஞ்சு மணிக்கு வந்து, ஒரு மாசம் முன்னாடியே நான் சொன்னேன்னு இவர் சொல்லணும். போன்ல நான் சொன்னதைக் கேட்டது இவர் ஒருத்தர்தான்."

நிருபன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"விசாரணைக்கெல்லாம் நம்ம ஆள் போற வழக்கம் இல்ல," என்றார் செய்தி ஆசிரியர் அவனைப் பார்க்காமலே. "போட்டு வாங்கினது, திருப்பி வாங்கினது எல்லாம் அங்க வெளிய வரும். பத்திரிகை மானம் போயிடும். போறவன் அப்படியே போயிடலாம், திரும்பி வர வேண்டாம்."

அவன் நின்றுவிட்டான். முடி நெற்றியில் விழுந்தது. ஒதுக்கவில்லை. மெதுவாகப் பின்னால் நகர்ந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சரியான ஆம்பளை," என்றான் மின்னல்.

வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். பம்ப் அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிருபன் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குரலில் கோபம் இருந்தது, நடுக்கம் இல்லை.

"உட்காருங்க தம்பி, தப்பில்ல. வேலை போயிடும்னா எப்படிப் பயமா இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடதான் நான் உங்களுக்கு போன் பண்ணேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். மின்னல் காரைக் கிளப்பியபோது மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. நிருபன் மூச்சிரைக்க ஓடிவந்து கார்க் கதவைப் பிடித்தான்.

"நானும் வர்றேன். சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

வக்கீலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வா. வந்து சொல்லு. ஆனா வண்டில இடமில்ல, பஸ் பிடிச்சு வா," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.

பின் சீட்டில் பம்ப் அக்கா ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.